காய்ச்சல் தணிந்த பின் தொடரும் இழப்பு

2006ஆம் ஆண்டில் நம் நாட்டின் 200க்கும் மேற்பட்ட மாவட்டங்களில் சிக்குன்குனியா காய்ச்சல் பரவிற்று. இந்நோய் கண்டிருக்கலாம் என்று அவ்வாண்டில் அரசுப் பதிவேடுகளில் ஏறியவர்களின் எண்ணிக்கை சுமார் 13.9 இலட்சம். அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் கர்நாடகத்தைச் சேர்ந்தவர்கள். மத்திய அரசின் கணக்கில் அவ்வாண்டு இந்நோயால் நேர்ந்த மரணம் ஒன்றுகூட இல்லை. கொல்லாத நோய் என்று ஒரு நோய்க்குப் பெயர் வந்துவிட்டால், அதன்பின் அதைப் பற்றிய கேள்விகளும் குறைந்துவிடுகின்றன. காய்ச்சல் எத்தனை பேருக்கு வந்தது என்று எண்ணினோம். அவர்கள் எப்போது வேலைக்குத் திரும்பினார்கள் என்பதை எண்ணவில்லை. இக்கட்டுரை அந்த இரண்டாவது கேள்வியைப் பற்றியது.

மரணம் இல்லை என்ற கணக்கும் ஐயத்துக்கு அப்பாற்பட்டதன்று. அகமதாபாத் நகரில் 2006 ஆகஸ்டு முதல் நவம்பர் வரை பதிவான இறப்புகளை முந்தைய ஆண்டுகளின் இறப்புகளோடு ஒப்பிட்ட ஓர் ஆய்வு, வழக்கத்தைவிட 2,944 மரணங்கள் கூடுதலாக நேர்ந்தன என மதிப்பிட்டு 2008இல் வெளியாயிற்று. அவை அனைத்தும் இக்காய்ச்சலால் நேர்ந்தவை என்று துணிந்து கூறுவதற்கில்லை. எனினும் பதிவேடு காட்டுவது மட்டுமே உண்மை என்று கொள்ளலாகாது என்பதற்கு இது போதிய சான்று.

மறந்து போன நோய்

தான்சானியா நாட்டின் தென்பகுதியிலுள்ள மக்கோண்டே பீடபூமியில் 1952-53இல் இக்காய்ச்சல் முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது. சிக்குன்குனியா என்ற சொல் அம்மக்களின் மொழியில் வளைந்து போதலைக் குறிக்கும். மூட்டுவலியால் நோயாளி நிமிர இயலாது நடப்பதைக் கண்டு வைத்த பெயர். தமிழ்ச் செவிக்கு இதில் ‘குனிய’ என்பது கேட்பது தற்செயலே. ஆயினும் பொருத்தமான தற்செயல். கோழியிறைச்சியால் வரும் நோய் என்று பலர் 2006இல் அஞ்சியதும் பெயர் செய்த குழப்பமேயாகும்.

இந்தியாவில் 1963இல் கல்கத்தாவிலும், 1964இல் சென்னை, வேலூர், புதுச்சேரி ஆகிய நகரங்களிலும், 1973இல் மகாராஷ்டிரத்தின் பார்சி நகரிலும் இது பரவிற்று. பின்னர் ஏறத்தாழ 32 ஆண்டுகள் பெரிய அளவில் தலைகாட்டவில்லை. அந்த இடைவெளியில் பிறந்து வளர்ந்த தலைமுறைக்கு உடலில் எதிர்ப்பாற்றல் இல்லை. மருத்துவர்களுக்கோ அனுபவம் இல்லை. 2005இன் இறுதியில் இராயலசீமையில் நோய் மீண்டும் வெளிப்பட்டபோது, வந்தது ஆசிய வகை வைரஸ் அன்று. கிழக்கு, மத்திய, தென் ஆப்பிரிக்க வகை. இதே வகை 2005-06இல் இந்துமாக்கடலிலுள்ள பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட ரீயூனியன் தீவில் மக்கள்தொகையில் மூன்றிலொரு பங்கினரைப் பீடித்தது. (சென்ற நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டில் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற தமிழர்களின் வழித்தோன்றல்கள் பெருமளவில் வாழும் தீவு அது.) காய்ச்சலுக்குப் பிந்தைய துன்பம் பற்றி நாம் இன்று அறிந்திருப்பதில் பெரும்பகுதி அத்தீவின் நோயாளிகளைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்ததால் கிடைத்ததாகும்.

அழற்சி என்பது யாது?

அழற்சி தன்னளவில் நோயன்று. உடலின் தற்காப்பு முறைகளுள் ஒன்று. சிவத்தல், வீங்குதல், சூடு, வலி ஆகிய நான்கும் அதன் அடையாளங்கள் என்று பண்டைய ரோமானியர் காலத்திலிருந்தே கூறப்படுகிறது. பின்னாளில் ஐந்தாவதாகச் செயலிழப்பு என்பதையும் சேர்த்தனர். மருத்துவருக்கு ஐந்தும் ஒன்றுபோலத் தோன்றலாம். பொருளாதாரம் பயின்றவனுக்கு ஐந்தாவதுதான் முதலாவது.

ஏடிஸ் கொசு கடிக்கும்போது உட்புகும் வைரஸ் முதலில் தோலிலுள்ள செல்களில் பெருகுகிறது. பின் இரத்தத்தில் கலந்து தசைகளையும் மூட்டுகளையும் அடைகிறது. மூன்று முதல் ஏழு நாள் வரை கடுங்காய்ச்சல் இருக்கும். உடலின் எதிர்ப்பாற்றல் வைரஸை இரத்தத்திலிருந்து ஒருவாரத்திற்குள் பெரும்பாலும் அகற்றிவிடுகிறது. காய்ச்சல் விடுகிறது. ஆனால் போரிடுவதற்காக மூட்டுகளுக்குள் சென்ற வெள்ளணுக்கள், குறிப்பாகப் பெருவிழுங்கணுக்கள் எனப்படுபவை, சிலரிடத்தில் திரும்புவதில்லை. அவை இன்டர்லூகின்-6 முதலிய வேதியியல் தூதுப் பொருள்களைச் சுரந்தவண்ணம் இருக்கின்றன. மூட்டின் உட்சவ்வு தடித்து வீக்கம் நிலைக்கிறது. ரீயூனியனில் ஒரு நோயாளியின் மூட்டுச்சவ்வைக் காய்ச்சல் கண்டு 18 மாதங்களுக்குப் பின் ஆராய்ந்தபோது, அங்குள்ள பெருவிழுங்கணுக்களில் வைரஸின் மரபுப்பொருளும் புரதமும் எஞ்சியிருந்தமை 2010இல் தெரிவிக்கப்பட்டது. எஞ்சிய துணுக்குகளே அழற்சியைத் தூண்டிக்கொண்டிருக்கின்றனவா, அன்றி ஒருமுறை தூண்டப்பட்ட அழற்சி தானாகவே தொடர்கிறதா என்பதில் அறிஞரிடையே இன்னும் ஒருமித்த கருத்து ஏற்படவில்லை.

அத்தீவில் மருத்துவமனைக்கு வந்த நோயாளிகளை 36 மாதங்கள் தொடர்ந்து கவனித்ததில், மூன்றாண்டு முடிவிலும் 60 சதவீதத்தினருக்கு மூட்டுவலி இருந்தது. மருத்துவமனையை நாடியவர்கள் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். ஊரிலுள்ள எல்லா நோயாளிகளுக்கும் இவ்விகிதத்தைப் பொருத்துவது தவறாகும். பெரும்பாலோர் சில வாரங்களில் நலமடைகின்றனர். 35 வயதைக் கடந்தோரிடமே வலி நீடிக்கும் வாய்ப்பு அதிகம். குடும்பத்தின் வருவாய்ப் பொறுப்பைத் தோளில் ஏற்றிருக்கும் வயது அதுவே.

சோர்வு சோம்பலன்று

வலியை மற்றவர் ஓரளவு நம்புவர். கணுக்காலில் வீக்கம் கண்ணுக்குத் தெரியும். சோர்வை நம்புவோர் குறைவு. காய்ச்சல் போய் இரண்டு மாதமாகியும் படுத்துக் கிடக்கிறான் என்று வீட்டிலும், சாக்குப்போக்குக் கூறுகிறான் என்று வேலையிடத்திலும் பேச்சு எழுகிறது.

அழற்சியில் சுரக்கும் தூதுப் பொருள்கள் இரத்தத்தின் வழியாகவும் நரம்புகளின் வழியாகவும் மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. பசி குன்றுதல், உறக்கம் மிகுதல், ஒதுங்கிப் படுத்துக்கொள்ளும் விருப்பம், கவனம் சிதறுதல் ஆகியவை அச்செய்தியின் விளைவுகள். நோயுற்ற ஆட்டையும் மாட்டையும் கவனித்தவர்கள் இதே நடத்தையை அவற்றிடமும் கண்டிருப்பர். உடலின் ஆற்றலைப் போராட்டத்திற்கென ஒதுக்கி வைக்கும் ஏற்பாடு இது. ஒரு வாரத்துக்கு நன்மையே. அந்தச் செய்தி நிற்காது போகும்போதுதான் தீங்காகிறது.

ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் டப்போ வட்டாரத்தில் நடத்தப்பட்டு 2006இல் வெளியான ஆய்வு இங்குக் குறிப்பிடத்தக்கது. மூன்று வெவ்வேறு தொற்றுகளால் பீடிக்கப்பட்ட 253 பேர் அதில் தொடர்ந்து கவனிக்கப்பட்டனர். அம்மூன்றனுள் ஒன்று ராஸ் ஆற்று வைரஸ். அது சிக்குன்குனியாவின் நெருங்கிய உறவு. மற்றவற்றுள் ஒன்று வேறொரு குடும்பத்தைச் சேர்ந்த வைரஸ், இன்னொன்று பாக்டீரியா. ஆறு மாத முடிவில் 12 சதவீதத்தினர் சோர்வால் செயலிழந்திருந்தனர். யாருக்குச் சோர்வு நீடிக்கும் என்பதை முன்கூட்டிக் காட்டியது எது என்று பார்த்ததில், வயதோ பாலோ முன்பிருந்த மனநிலையோ காட்டவில்லை. எந்தக் கிருமி என்பதும் காட்டவில்லை. தொடக்கக் காய்ச்சல் எவ்வளவு கடுமையாக இருந்தது என்பதே காட்டிற்று. ஒருவருடைய குணத்தைப் பழிக்க இதில் இடமில்லை.

கோவிட் பெருந்தொற்றுக்குப் பின் உலகம் முழுவதும் இலட்சக்கணக்கானோர் இதே நிலையை அனுபவித்தனர். உலக சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரில் அந்நிலைக்கு ஒரு வரையறை வகுத்தது. தொற்று ஏற்பட்டு மூன்று மாதங்களுக்குப் பின்னும் காணப்படுவதும், குறைந்தது இரண்டு மாதம் நீடிப்பதும், வேறு காரணத்தால் விளக்க முடியாததுமான தொல்லைகள் அதில் அடங்கும். நகரத்துப் படித்தவர்களும் அதனால் துன்புற்றமையால் பேச்சு எழுந்தது. அனந்தபுரத்து நெசவாளியும் தும்கூரின் பாக்குத் தோட்டக் கூலியும் 15 ஆண்டுகளுக்கு முன்பே இதனை அறிந்திருந்தனர்.

சிகிச்சையைப் பற்றிச் சில சொற்கள் போதும். வைரஸை நேரே அழிக்கும் மருந்து இல்லை. காய்ச்சல் காலத்தில் பாரசிட்டமாலும் நீரும் ஓய்வும். டெங்கு இல்லை என்பது உறுதியாகும்வரை ஆஸ்பிரின் கூடாது. ரீயூனியனில் காய்ச்சலின்போதே குளோரோகுவின் கொடுத்துப் பார்த்ததில் பயன் இல்லை என்பதோடு, 200ஆம் நாளில் அம்மருந்து உண்டவர்களே அதிகமாக மூட்டுவலியைக் கூறினர். நாட்பட்ட மூட்டழற்சிக்கு மெத்தோட்ரெக்சேட் உள்ளிட்ட மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பது ஒற்றை மருந்தைவிட மேல் என்று 2017இல் வெளியான கேரள ஆய்வு ஒன்று காட்டியது. இவை மருத்துவர் கண்காணிப்பில் மட்டுமே உண்ணத்தக்கவை. நாட்பட்ட சோர்வைப் பொறுத்தவரை, நாளுக்கு நாள் உழைப்பைக் கட்டாயமாகக் கூட்டிச் செல்லும் முறையைப் பிரிட்டனின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டுதல் கைவிட்டுவிட்டது. இயன்றதைச் செய்து, இயலாதபோது நிறுத்திக்கொள்வதே இன்று கூறப்படும் வழி. நாட்கூலிக்காரருக்கு இவ்வறிவுரையை யார் வழங்குவது, எவ்வாறு வழங்குவது என்பது மருத்துவத்துக்கு அப்பாற்பட்ட வினாவாகிறது.

இழப்பை அளவிடுதல்

இறப்பை மட்டும் எண்ணினால் இத்தகைய நோய்களின் சுமை தெரியாது. ஆகவே 1993ஆம் ஆண்டு உலக வளர்ச்சி அறிக்கையில் உலக வங்கி ஒரு புதிய அளவையைக் கையாண்டது. அகால மரணத்தால் இழந்த ஆண்டுகளோடு, நோயுடன் வாழ்ந்த ஆண்டுகளையும் அந்நோயின் கடுமைக்கேற்ப ஒரு பின்னத்தால் பெருக்கிக் கூட்டுவர். இதனை ‘இயலாமைக்கு ஈடுகட்டிய வாழ்நாள் ஆண்டு’ எனலாம். ஒருவர் ஓராண்டு முழுவதும் பாதித் திறனோடு வாழ்ந்தால் அரை ஆண்டு இழப்பு என்பது இதன் எளிய விளக்கம்.

2006ஆம் ஆண்டுப் பரவலைப் புதுச்சேரியிலுள்ள நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆய்வு மைய விஞ்ஞானிகள் இவ்வளவையால் கணக்கிட்டனர். 2009இல் வெளியான அக்கணக்கின்படி நாட்டின் மொத்த இழப்பு 25,588 வாழ்நாள் ஆண்டுகள். அதில் 69 சதவீதம் நீடித்த மூட்டுவலியால் நேர்ந்தது. அதாவது, எல்லோரும் அஞ்சிய காய்ச்சல் நாட்களின் பங்கு சிறிது. எவரும் எண்ணாத பின்னாட்களின் பங்கே பெரிது. கைவிட்டுப் போன வருவாய் குறைந்தபட்சம் 39.1 கோடி ரூபாய் என்றும் அவர்கள் மதிப்பிட்டனர்.

இவ்வெண்களை நோயாளிகளின் தொகையால் வகுத்துப் பார்ப்போம். 25,588 ஆண்டுகளை நாட்களாக்கி 13.9 இலட்சத்தால் வகுத்தால், ஒருவருக்கு ஏழு நாளுக்குச் சற்றுக் குறைவு. வருவாய் இழப்பு ஒருவருக்குச் சுமார் 281 ரூபாய். நாட்கூலி 80 ரூபாய் என்று கொண்டால் அது மூன்றரை நாட் கூலி. நோயாளிகளுள் குழந்தைகளும் முதியோரும் உண்டு என்பது சரியே. ஆய்வாளர்களும் ‘குறைந்தபட்சம்’ என்றே கூறியுள்ளனர். இருப்பினும் சராசரி இங்கு நம்மை ஏமாற்றுகிறது. பத்துப் பேரில் எட்டுப் பேர் ஒரு வாரத்தில் எழுந்து, இருவர் ஓராண்டு முடங்கினாலும், இழப்பைப் பத்தால் வகுத்து எல்லோர் தலையிலும் சமமாக வைத்துவிடுகிறோம். இழப்பு அவ்வாறு பங்கிடப்படுவதில்லை. ஒரு கூலித் தொழிலாளி மூன்று மாதம், மாதம் 25 நாள், பாதித் திறனோடு உழைத்தால் அவர் இழப்பது 3,000 ரூபாய். மருந்துச் செலவு இதில் சேரவில்லை; அச்செலவுக்காக வாங்கிய கடனின் வட்டியும் சேரவில்லை.

தொழிலுக்கேற்ப இழப்பு மாறுபடுவதையும் காண வேண்டும். இந்நோய் பெரும்பாலும் மணிக்கட்டு, விரல், கணுக்கால் ஆகியவற்றைப் பற்றுகிறது. காலையில் மூட்டுகள் விறைத்திருக்கும். மேசையில் அமர்ந்து கோப்பு பார்க்கும் என்போன்றோர் பத்து மணிக்குள் ஒருவாறு சமாளித்துக்கொள்ளலாம். மருத்துவ விடுப்பும் உண்டு. 2007இல் கேரளத்தில் நோய் பரவியபோது இரப்பர்த் தோட்டங்களில் பால் சேகரிக்கும் கிண்ணங்களில் தேங்கிய மழைநீரிலும் கொசுக்கள் பெருகின. வைரஸில் நேர்ந்த ஒரு சிறு மாற்றம், தோட்டங்களில் வாழும் ஏடிஸ் அல்போபிக்டஸ் கொசுவும் அதனை எளிதில் பரப்ப வழிசெய்தது. இரப்பர்ப் பால் வெட்டுவது விடியற்காலை வேலை; மணிக்கட்டின் நுணுக்கத்தால் செய்யும் வேலை. விறைப்பு உச்சத்தில் இருக்கும் நேரமும் அதுதான். தர்மாவரத்தின் பட்டு நெசவாளிக்கோ கையோடு காலும் வேண்டும். குழித்தறியில் மிதிகட்டையை மிதிக்கக் கணுக்கால் ஒத்துழைக்காவிட்டால் புடவை நகராது. கூலி புடவைக்குத்தான், நாளுக்கன்று.

பாதுகாப்பு வலையின் கண்கள்

இவ்விழப்பை ஈடுசெய்ய நம்மிடமுள்ள ஏற்பாடுகள் யாவை? அமைப்புசார்ந்த தொழிலாளருக்கு இ.எஸ்.ஐ. திட்டத்தில் ஆண்டுக்கு 91 நாள் வரை கூலியில் 70 சதவீதம் நோய்க்கால உதவியாகக் கிடைக்கிறது. நல்ல ஏற்பாடு, ஆனால் கூலிக்காரர்களுள் பெரும்பாலோர் அதற்கு வெளியே உள்ளனர். 2018இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் மக்கள் ஆரோக்கியத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து இலட்சம் ரூபாய் வரை, மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கானது. மூட்டுவலிக்காரர் படுக்கையில் சேர்க்கப்படுவதில்லை. வெளிநோயாளி வரிசையில் நின்று மாத்திரை வாங்கித் திரும்புகிறார். இழந்த கூலி இரண்டாம் திட்டத்தின் வரம்பிலேயே இல்லை.

புள்ளிவிவரங்களும் இவரைக் காண்பதில்லை. காய்ச்சல் கண்காணிப்புப் பதிவு நோய் தொடங்கிய நாளோடும் இரத்தப் பரிசோதனை முடிவோடும் நின்றுவிடுகிறது. தேசிய மாதிரி ஆய்வின் 75ஆம் சுற்று (2017-18) உடல்நலக் குறைவு பற்றிக் கேட்டது. மருத்துவமனையில் சேராத நோய்களுக்கு முந்தைய 15 நாட்களைப் பற்றி மட்டும். ஒன்பது மாதமாக வலியோடிருப்பவர் அதில் மூட்டுவலிக்காரராக எண்ணப்படுவார். அவ்வலி ஒரு கொசுக்கடியில் தொடங்கியது என்பது எங்கும் பதிவாகாது. ஆகவே கொசு ஒழிப்புக்குச் செலவிடும் தொகையால் விளையும் நன்மையைக் கணக்கிடும்போது, நன்மையின் பெரும்பகுதியை நாமே விட்டுவிடுகிறோம். செலவு முழுமையாகத் தெரிகிறது, பயன் மூன்றிலொரு பங்கே தெரிகிறது என்றால் நிதி ஒதுக்கீட்டில் இத்துறை எந்த இடத்தைப் பெறும் என்பதை நிதித்துறை நண்பர்கள் நன்கறிவர்.

குடிநீர் வழங்கலை மதிப்பிடுவதிலும் இக்குறை உண்டு. ஏடிஸ் எஜிப்தி கொசு சாக்கடையை நாடுவதில்லை. வீட்டில் சேமித்த நல்ல தண்ணீரையே நாடுகிறது. இராயலசீமை போன்ற வறட்சிப் பகுதிகளில் நாலு நாளுக்கொருமுறை வரும் தண்ணீரைத் தொட்டியிலும் பீப்பாயிலும் நிரப்பி வைக்காமல் குடும்பம் நடத்த இயலாது. வாரமொருமுறை தொட்டியைக் கவிழ்த்துத் தேய்க்கச் சொல்லும் சுவரொட்டி, அடுத்த தண்ணீர் எப்போது வரும் என்பதைக் கூறுவதில்லை. வீட்டுக்குக் குழாய் இணைப்புக் கொடுப்பது ஒன்று, குழாயில் நாள்தோறும் நீர் வருவது வேறொன்று. கொசுவைப் பொறுத்தவரை இரண்டாவதே முக்கியம்.

மூன்று மாதத்துக்குப் பின்னும் ஓராண்டுக்குப் பின்னும் நோயாளிகளுள் நூற்றுக்கு இருவரை மாதிரியாக எடுத்து, ஆஷா பணியாளர் மூலம் இரண்டே கேள்விகளைக் கேட்கலாம்: வழக்கமான வேலைக்குத் திரும்பினாரா? இல்லையெனில் எத்தனை நாள் இழந்தார்? இதற்கு ஆகும் செலவு மிகச் சிறிது. பெருநோய்ப் பரவல் அறிவிக்கப்பட்ட வட்டாரங்களில் கூட்டுறவு நெசவாளர் கடன்களின் தவணையை, வறட்சிக் காலத்தில் பயிர்க்கடனுக்குச் செய்வதுபோல, தள்ளிவைப்பதும் புதிய தத்துவம் எதையும் வேண்டுவதன்று. பொது வேலைகளில் கூலி நிர்ணயத்தையும் ஆராயவேண்டும்.

இக்கடைசிக் கருத்து எனக்குத் தோன்றிய இடம் அனந்தபுரம் மாவட்டத்தின் ஓர் ஏரிக்கரை. தேசிய ஊரக வேலையுறுதித் திட்டம் 2006 பிப்ரவரி 2ஆம் நாள் அதே மாவட்டத்தின் பந்லபள்ளியில்தான் தொடங்கப்பெற்றது. அவ்வாண்டின் இறுதியில், வேலைகளைப் பார்வையிடும் குழுவில் ஒருவனாக நான் அங்குச் சென்றிருந்தேன். தூர்வாரும் வேலை, வெட்டிய மண்ணின் கன அளவுக்கேற்பக் குழுவுக்குக் கூலி. அளவுப் புத்தகத்தைச் சரிபார்த்ததில் ஒரு குழு மட்டும் வாரந்தோறும் மற்றவர்களைவிடக் குறைவாக வெட்டியிருந்தது. காரணம் கேட்டேன். குழுத் தலைவர் கரையில் அமர்ந்திருந்த மூன்று பெண்களைக் காட்டினார். மூவருக்கும் ஆகஸ்டில் காய்ச்சல். மண்வெட்டியின் காம்பை விரல்கள் இன்னமும் பற்றவில்லை. ஒருவர் தண்ணீர் கொடுக்கிறார், ஒருவர் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறார்; மூன்றாமவருக்கு வேலை ஒன்றும் இல்லை. ஆனால் வாரக் கூலியில் மூவருக்கும் பங்கு உண்டு. குழுவில் யாரும் மறுப்புக் கூறவில்லை. அறிக்கையில் ‘குறைந்த உற்பத்தித் திறன்’ என்ற தலைப்பின்கீழ் அக்குழு இடம்பெற்றது. அதனை எழுதியவன் நானே. அப்படிவத்தில் வேறு தலைப்பு இல்லை.